பழ ஈயின் நான்காம் குரோமோசோமும் ஆயிரம் மாணவரும்: ஜீனோமிக்ஸ் துறைக்குள் நுழையும் வழி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2015 மே மாதம் ‘ஜி3’ என்னும் மரபியல் ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் 1,014 பேர். அவர்களுள் 900-க்கும் மேற்பட்டோர் இளநிலைப் பட்டப்படிப்பில் இருந்த மாணவர்கள். நான்கு வகைப் பழ ஈக்களில் ‘எஃப் கூறு’ என்று அழைக்கப்படும் மிகச் சிறிய குரோமோசோம், 4 கோடி ஆண்டுப் பரிணாமத்துக்கு இடையிலும் தன் தனித்த இயல்புகளை விடாமல் வைத்திருக்கிறது என்பதே அந்தக் கட்டுரை சொன்ன செய்தி. ஆனால் அது வெளியானபோது ஈயைவிடப் பெயர்ப்பட்டியலே அதிகம் பேசப்பட்டது. ஆயிரம் பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ‘ஆசிரியர்’ என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும் என்று சிலர் கேட்டார்கள். நேர்மையான கேள்விதான், உரிய இடத்தில் அதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

அமெரிக்காவில், ஓர் உயிரின் மரபணுத்தொகுதி முழுவதையும் ஆராயும் ஜீனோமிக்ஸ் துறையில் போதிய அளவு இடம்பெறாத பின்னணிகளிலிருந்து வரும் இளநிலை மாணவர்கள், அதாவது கறுப்பின, லத்தீன் அமெரிக்க, பூர்வகுடிக் குடும்பங்களின் பிள்ளைகளும் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களும், அத்துறைக்குள் எந்த வழியாக வருகிறார்கள், வந்தவர்கள் எந்த இடத்தில் கழன்றுபோகிறார்கள் என்பதே இந்த ஆய்வின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கான கதவு பாடவேளைக்குள்ளேயே அமைந்திருந்தால் அவர்கள் தயக்கமின்றி நுழைகிறார்கள். அந்தப் பாடவேளை முடிந்த மறுநாள், அடுத்த படி எது என்று தெரியாத இடத்தில்தான் அவர்களை இழக்கிறோம்.

இவர்கள் ஏன் தேவைப்படுகிறார்கள்

இம்மாணவர்கள் துறைக்குள் வரவேண்டும் என்பதற்கு நியாயம் ஒன்றே போதும். எனினும் துறையின் சொந்த நலனும் இதில் அடங்கியிருப்பதால் அதையும் சொல்லவேண்டியிருக்கிறது. மரபணுத்தொகுதி முழுவதையும் சலித்து நோய்களோடு தொடர்புள்ள மாறுபாடுகளைத் தேடும் ஆய்வுகளில் பங்கேற்றோரில் 96 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2009-இல் கணக்கிடப்பட்டது. 2016-இல் ஆலிஸ் போப்ஜாயும் ஸ்டெஃபனி ஃபுல்லர்ட்டனும் மறுபடி எண்ணிப் பார்த்தபோது அது 81 சதவீதமாகியிருந்தது. ஆனால் அந்த மாற்றத்தில் பெரும்பகுதி ஆசிய நாடுகளில் நடந்த ஆய்வுகளால் வந்தது; ஆப்பிரிக்க வம்சாவளியினரின் பங்கு 3 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இந்த எண்கள் நோயாளியின் அறிக்கைத் தாளில் எப்படி வந்து விழுகின்றன என்பதற்கு அதே 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வு சான்று. இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய்க்குக் காரணம் என்று வகைப்படுத்தப்பட்டிருந்த சில மரபணு மாறுபாடுகள், கறுப்பின அமெரிக்கர்களிடம் இயல்பாகவே பரவலாகக் காணப்படுகிற தீங்கற்ற மாறுபாடுகள் என்று அது காட்டியது. அந்த நோய்க்கான மரபணு தங்களிடம் இருப்பதாகத் தவறாகச் சொல்லப்பட்டவர்கள் இருந்தார்கள். ஒப்பீட்டுக்கென வைத்திருந்த நலமானவர்களின் மாதிரியில் கறுப்பினத்தவர் சிலரைச் சேர்த்திருந்தாலே இந்தப் பிழையைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம் என்றும் அந்த ஆய்வுக் குழு கணக்கிட்டுச் சொன்னது.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் பல இன மக்களையும் சேர்த்து நடந்த இதய ஆய்வில், பிசிஎஸ்கே9 என்ற மரபணு செயலிழந்த சிலரை ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் 2005-இல் அடையாளம் கண்டார்கள்; அம்மாறுபாடுகள் முதன்மையாகக் கறுப்பினத்தவரிடம் காணப்பட்டன. அடுத்த ஆண்டு வெளியான தொடராய்வில், அத்தகைய மாறுபாடு கொண்ட கறுப்பினத்தவருக்குக் கெட்ட கொழுப்பு 28 சதவீதமும் இதய நாள நோய் 88 சதவீதமும் குறைவாக இருந்தது தெரியவந்தது. அந்த மரபணுவின் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இன்று அவற்றை எல்லா இனத்தவரும் எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்பினத்தவரைச் சேர்க்காமல் அந்த ஆய்வு நடந்திருந்தால் இந்த வழி திறந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

மாதிரி கொடுப்பவர் யார் என்பது ஒரு கேள்வி. கேள்வி கேட்பவர் யார் என்பது வேறொன்று. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு மானியத்துக்கு விண்ணப்பித்த கறுப்பின ஆய்வாளர்கள், பட்டம், பயிற்சி, வெளியீடுகள் எல்லாவற்றையும் சமன்படுத்திப் பார்த்த பின்னும், வெள்ளையரைவிட ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகள் குறைவாகவே வெற்றி பெற்றார்கள் என்று டோனா கின்தரின் குழு 2011-இல் எழுதியது. அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அவர்கள் தேர்ந்தெடுத்த ஆய்வுப் பொருளால் விளைந்தது என்று 2019-இல் வந்த மற்றோர் ஆய்வு கண்டது. சமுதாய அளவிலான நலக் கேள்விகளை அவர்கள் அதிகம் எடுத்தார்கள். அத்தகைய பொருள்களுக்கு மானியம் கிடைக்கும் வாய்ப்பு பொதுவாகவே குறைவு. ஆட்கள் மாறினால் கேள்விகளும் மாறுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

வழக்கமான கதவு

இளநிலை மாணவர் ஒருவர் ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைப்பது வழக்கமாக எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். பேராசிரியர் ஒருவர் எதை ஆராய்கிறார் என்று தேடிப் படிக்கவேண்டும். பிறகு அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதவேண்டும். பதில் வராவிட்டால் மனம் தளராமல் மறுபடி எழுதவேண்டும். இடம் கிடைத்தால் முதல் பருவம் பெரும்பாலும் ஊதியமில்லாமல் போகும். வாரத்தில் பல மணி நேரம், அதுவும் நடுப்பகலில், ஆய்வகத்தில் இருக்கவேண்டும். பெற்றோர் மருத்துவராகவோ பேராசிரியராகவோ இருக்கும் வீட்டில் இவையெல்லாம் இரவுச் சாப்பாட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கோ, ஒரு பேராசிரியரிடம் போய் இப்படிக் கேட்கலாம் என்பதே தெரிந்திருக்காது. தெரிந்தபோதும், அந்த நடுப்பகல் நேரத்தில் அவர் ஏதாவது ஓர் இடத்தில் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

கீதா பங்கேராவும் சாரா பிரௌனலும் 2014-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் எடுத்துச் சொன்னது. விவரமும் துணிவும் ஓய்வு நேரமும் உடையவர்களே தனியாய்வகப் பயிற்சிக்கு வந்து சேர்கிறார்கள் என்பதால், அந்த ஏற்பாடு யாரையும் விலக்க நினைக்காமலே பலரை விலக்கிவிடுகிறது. ஆகவே ஆய்வைப் பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாக்கி, வகுப்பில் பதிவுசெய்த ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுத்துவிடுங்கள் என்று அவர்கள் வாதிட்டார்கள். யாரும் கேட்டுப் பெறவேண்டியதில்லை. யாரும் தேர்ந்தெடுக்கவும் வேண்டியதில்லை. சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த யோசனையை, அந்தக் கட்டுரைக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஜீனோமிக்ஸில் ஒருவர் செய்யத் தொடங்கியிருந்தார்.

செயின்ட் லூயிஸிலிருந்து

சாரா எல்ஜின், மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியராக இருந்தவர். டிஎன்ஏ எப்படிச் சுருட்டி மடித்து வைக்கப்படுகிறது, அந்த மடிப்பு மரபணுக்களின் வாயை எப்படி அடைக்கிறது என்பது அவருடைய வாழ்நாள் ஆய்வு. மடிப்பை இறுக்கும் எச்பி1 என்ற முக்கியமான புரதத்தை 1986-இல் விவரித்தது அவருடைய ஆய்வகமே. பழ ஈயின் நான்காம் குரோமோசோம், அதாவது எஃப் கூறு, அவருக்கு ஒரு புதிராக இருந்தது. அது ஏறக்குறைய முழுவதும் இறுகச் சுருண்டு கிடப்பது. விதிப்படி அதன் மரபணுக்கள் மௌனமாக இருக்கவேண்டும். ஆனால் அதன் நுனிப் பகுதியில் உள்ள சுமார் 80 மரபணுக்கள் தாராளமாக வேலை செய்துகொண்டிருக்கின்றன. பிற பழ ஈ இனங்களில் அதே குரோமோசோம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டால் விடை கிடைக்கலாம். அதற்கு அந்த இனங்களின் டிஎன்ஏ வரிசைகளைத் திருத்தி, மரபணுக்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று ஒவ்வொன்றாக வரையறுக்கவேண்டும். இதைத் துறையில் அனொடேஷன் என்பார்கள். கணினி நிரல்கள் அதை ஓரளவுதான் சரியாகச் செய்யும். மீதிக்கு மனிதக் கண் வேண்டும். ஓர் ஆய்வகத்தில் இத்தனை கண்கள் கிடையா.

2006-இல் எல்ஜின் தொடங்கிய ‘ஜீனோமிக்ஸ் கல்விக் கூட்டமைப்பு’ அந்த வேலையைக் கல்லூரி வகுப்புகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. பேராசிரியர்கள் செயின்ட் லூயிஸுக்கு வந்து சில நாள் பயிற்சி பெற்றுத் தம் கல்லூரிக்குத் திரும்பினார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் குரோமோசோமின் ஒரு துண்டு ஒதுக்கப்பட்டது. கூட்டமைப்பு நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளாக வளர்ந்தது. பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களோடு, ஆய்வக வசதி மிகக் குறைவான சிறு கல்லூரிகளும் இரண்டாண்டுப் படிப்பு வழங்கும் சமுதாயக் கல்லூரிகளும் சிறுபான்மை மாணவர்கள் மிகுந்த கல்லூரிகளும் அதில் உண்டு. இதை இவ்வளவு பரப்ப முடிந்ததற்குக் காரணம் ஜீனோமிக்ஸின் இயல்பு. வரிசைத் தரவு பொதுவெளியில் கிடக்கிறது, கருவிகள் இலவசம், இணைய இணைப்புள்ள கணினி ஒன்றே போதும். கெட்டுப்போகும் மாதிரியோ பல லட்சம் டாலர் விலையுள்ள இயந்திரமோ தேவையில்லை. ஒரு மாணவர் தவறு செய்தால் எதுவும் வீணாவதில்லை. அழித்துவிட்டு மறுபடி செய்யலாம். உயிரியலின் வேறு எந்தப் பிரிவிலும் இத்தனை மலிவாக உண்மையான ஆய்வை இளநிலை வகுப்புக்குள் கொண்டுவருவது கடினம் என்று நினைக்கிறேன்.

ஒரு மரபணுவின் முன் அமர்ந்திருக்கும் மாணவி

அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். இரண்டாமாண்டு மாணவி ஒருவர் திரையின் முன் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல வண்ணப் பட்டைகள். ஒரு பட்டை, நிரல் ஊகித்த மரபணு. இன்னொன்று, நன்கறியப்பட்ட மெலனோகாஸ்டர் ஈயின் புரதம் இந்த இனத்தின் வரிசையோடு எங்கே பொருந்துகிறது என்று காட்டுகிறது. கீழே மலைத்தொடர் போல ஏறி இறங்குவது, ஈயின் உடலில் உண்மையில் உருவான ஆர்என்ஏக்களின் தடம். புரதமாக மாறும் துண்டுகள் எக்ஸான்கள்; இடையில் வெட்டி எறியப்படுபவை இன்ட்ரான்கள். வெட்டு எங்கே விழுகிறது என்பதுதான் அவர் கண்டுபிடிக்க வேண்டியது.

இரண்டாவது எக்ஸான் ஒரு டிஎன்ஏ எழுத்தை மிச்சம் வைத்து முடிகிறது. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பதால், மூன்றாவது எக்ஸான் இரண்டு எழுத்துகளைக் கொடுத்து அந்த மும்மையை நிரப்பியாகவேண்டும். இன்ட்ரான் ‘ஏஜி’ என்ற இரண்டு எழுத்துகளில் முடியவேண்டும் என்பது ஏறத்தாழ மீறப்படாத விதி. திரையிலோ ஐந்தெழுத்து இடைவெளியில் இரண்டு ‘ஏஜி’க்கள் நிற்கின்றன. நிரல் முதலாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மாணவி அதன்படி வாசித்துப் பார்க்கிறார். மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் சட்டகம் நகர்ந்துபோய், சில எழுத்துகளிலேயே நிறுத்தக் குறி வந்து புரதம் அறுந்துவிடுகிறது. இரண்டாவதை எடுத்தால் வாசிப்பு தடையில்லாமல் ஓடுகிறது, ஆனால் மெலனோகாஸ்டரின் புரதத்தைவிட இரண்டு அமினோ அமிலங்கள் குறைகின்றன. இந்த இனம் அந்த இரண்டையும் உண்மையிலேயே இழந்துவிட்டதா, அல்லது வரிசையைப் படித்தபோதே பிழை நேர்ந்ததா? அவர் நெருங்கிய உறவுள்ள வேறோர் இனத்தை எடுத்துப் பார்க்கிறார். ஆர்என்ஏ தடம் அந்த இடத்தில் மெலிந்து கிடக்கிறது. உறுதியாக எதுவும் சொல்லவில்லை. பாடநூலின் கடைசிப் பக்கத்தில் விடை கிடையாது. பேராசிரியருக்கும் தெரியாது. மாணவி தன் முடிவையும் அதற்கான சான்றுகளையும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

அதே மரபணுவை வேறொரு மாணவர், அநேகமாக வேறொரு கல்லூரியில், இவரை அறியாமலே செய்துகொண்டிருப்பார். குறைந்தது இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ததை அனுபவம் பெற்ற மூன்றாவது மாணவர் ஒப்பிட்டு, முரண்படும் இடங்களில் சான்றுகளை மறுபடி பார்த்து முடிவுசெய்த பிறகே அது ஆய்வுத் தரவில் சேரும். பெயர்ப்பட்டியல் பற்றிய கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கட்டுரையில் இடம்பெற்ற மாணவர் ஒவ்வொருவரும் தரவுக்குப் பங்களித்ததோடு, கட்டுரையின் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லி ஒப்புதல் அளிக்கவும் வேண்டியிருந்தது. ஒருவரின் பங்கு மிகச் சிறியதுதான். ஆனால் அது இல்லாவிட்டால் ஒரு மரபணு விடுபட்டிருக்கும். ஆசிரியர் என்ற தகுதியை இவ்வளவு சிறிய பங்குக்குக் கொடுக்கலாமா என்று தயங்குபவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. அதைவிட, செய்த வேலைக்குப் பெயர் கிடைக்காமல் போவதையே பெரிய தவறாக நான் கருதுகிறேன்.

தடுமாற்றத்துக்கான நேரம்

கூட்டமைப்பு தன் மாணவர்களிடம் தொடர்ந்து கருத்தாய்வுகள் நடத்தி வந்திருக்கிறது. அவற்றில் இரண்டு முடிவுகள் எனக்கு முக்கியமானவை. ஒன்று, மாணவர்கள் சொன்ன பயன், அவர்கள் படித்தது எந்த வகைக் கல்லூரி என்பதைப் பொறுத்து மாறவில்லை. வசதியுள்ள கல்லூரியிலும் வசதியற்ற கல்லூரியிலும் விளைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மற்றொன்று, வகுப்பில் இதற்கென ஒதுக்கிய மணி நேரத்தைப் பொறுத்து அது பெரிதும் மாறியது. ஓரிரு வாரத்தில் முடித்துவிட்டால் மாணவர் கருவியை மட்டும் கற்றுக்கொள்கிறார். பருவத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தால், கோடை முழுவதும் ஆய்வகத்தில் இருந்த மாணவர்கள் சொல்லும் அளவுக்குப் பயன் சொல்கிறார்.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. மேலே சொன்ன மாணவி தடுமாறவேண்டும். தவறான ‘ஏஜி’யை எடுத்து, புரதம் அறுந்துபோவதைக் கண்டு, எரிச்சலடைந்து, மறுபடி தொடங்கவேண்டும். அந்த எரிச்சலே பயன் தரும் எரிச்சல் என்று கூட்டமைப்பினர் 2020-இல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். ஆனால் எரிச்சல் எல்லோருக்கும் ஒரே பொருளில் வருவதில்லை. ‘இந்த இடம் எனக்கானது’ என்று ஏற்கெனவே நம்புகிற மாணவருக்குத் தவறு என்பது வெறும் தவறு. அந்த நம்பிக்கை இன்னும் வேரூன்றாதவருக்கு அதே தவறு, ‘நான் இங்கே வந்திருக்கக் கூடாது’ என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. ஆகவே ஆசிரியர் தடுமாற்றத்தை முன்கூட்டியே அறிவித்து, தானும் விடை தெரியாமல் தேடுவதை மாணவர் கண்முன் செய்துகாட்டவேண்டும். இதற்கு நேரம் ஒதுக்காமல் பாடத்திட்டத்தில் ‘ஆய்வு’ என்ற சொல்லை மட்டும் சேர்ப்பது பயனற்றது. யாரைச் சேர்க்க நினைத்தோமோ அவர்களையே அது முதலில் துரத்திவிடும் என்று அஞ்சுகிறேன்.

இதே வழியில் 2008-இல் தொடங்கியது, ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல்லும் முன்னெடுத்த ‘சீ-ஃபேஜஸ்’ திட்டம். முதலாமாண்டு மாணவர்கள் மண்ணை அள்ளிவந்து, பாக்டீரியாவைக் கொல்லும் ஃபேஜ் வைரஸ்களைப் பிரித்தெடுத்து, தாமே பெயரிட்டு, அவற்றின் மரபணுத்தொகுதியை அனொடேட் செய்கிறார்கள். ஹாட்ஃபுல்லின் ஃபேஜ் சேகரிப்பில் இருந்த மூன்று ஃபேஜ்கள், எந்த ஆண்டிபயாடிக்குக்கும் அடங்காத தொற்றோடு லண்டனில் சிகிச்சை பெற்ற 15 வயதுப் பெண்ணுக்குச் செலுத்தப்பட்டு, அவர் தேறியது 2019-இல் வெளியானது. மூன்றில் இரண்டை மரபணு மட்டத்தில் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. எந்த மாற்றமும் தேவைப்படாத ‘மடி’ என்ற ஃபேஜ், 2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயின் அடிப்புறத்திலிருந்து எடுத்தது. மாணவர் வேலை பயிற்சிக்கானது மட்டுமே என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆழமான மறுமுனை: பால்டிமோர்

வகுப்பறை வழி பரந்தது, ஆனால் ஒரு பருவத்தோடு முடிவது. இதற்கு நேர் எதிர்முனையில், சிலரை எடுத்து நான்காண்டுகளும் கைவிடாமல் கூட்டிச்செல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் ராபர்ட், ஜேன் மேயர்ஹாஃப் தம்பதியின் நன்கொடையால் 1988-இல் உருவான மேயர்ஹாஃப் திட்டம் அது. அதை வடிவமைத்த ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி, 1963-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் சிறுவர்கள் நடத்திய குடிமை உரிமை ஊர்வலத்தில் 12 வயதில் கலந்துகொண்டு சிறை சென்றவர். முதல் அணி 1989-இல் சேர்ந்த 19 கறுப்பின மாணவர்கள். அடுத்த ஆண்டு மாணவியரும் வந்தனர்.

திட்டத்தின் உள்ளமைப்பு கண்டிப்பானது. முதல் பருவத்துக்கு முன்பே ஆறு வாரக் கோடை முகாம். அதில் கணக்கும் அறிவியலும் மட்டுமின்றி, சேர்ந்து படிப்பதும் கற்பிக்கப்படுகிறது. தனியாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படித்தே பள்ளியில் முதலிடம் பெற்ற மாணவர்கள் இங்கே குழுவாகப் படிக்கப் பழகுகிறார்கள். அடிப்படைப் பாடமொன்றில் ‘சி’ தரம் கிடைத்தால், தேர்ச்சி பெற்றாயிற்று என்று அடுத்ததற்கு ஓடாமல் அதையே மறுபடி படிக்கும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். உதவித்தொகை, கோடைதோறும் ஆய்வக வேலை, பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரிக்கும் பணியாளர்கள் என எல்லாம் சேர்ந்தே வருகின்றன. திட்டத்தில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களோடு ஒப்பிட்டபோது, சேர்ந்தவர்கள் அறிவியலில் முனைவர் பட்டப் படிப்புக்குச் செல்லும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று மதிப்பீடுகள் காட்டின. இரு தரப்பினரும் திறமையில் சமமானவர்கள் என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு எடை அதிகம். கோவிட் தடுப்பூசி ஆய்வில் முன்னின்ற கிஸ்மேகியா கார்பெட் இங்கிருந்து வந்தவர்.

அந்த வளாகத்துக்கு மட்டுமே உரிய மாயம் இது என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் சேப்பல் ஹில்லில் உள்ள வடகரோலினாப் பல்கலைக்கழகமும் இதே அமைப்பை எடுத்து நடத்தி, தொடக்க ஆண்டுகளில் ஒத்த விளைவுகளைக் கண்டதாக 2019-இல் அறிக்கை வந்தது. கூறுகளைத் தனித்தனியே பொறுக்கி எடுக்காமல் முழுமையாக எடுத்துக்கொண்டதே அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. உதவித்தொகையை மட்டும் கொடுத்துக் குழுப் படிப்பை விட்டுவிட்டால் மிஞ்சுவது பணம் மட்டுமே.

ஒரு குறையும் உண்டு. இது ஏற்கெனவே பள்ளியில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கான திட்டம். சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பில் படித்துக்கொண்டு, உயிரியல் பிடித்திருக்கிறது என்பதை இருபத்து நான்கு வயதில் கண்டுகொள்பவருக்கு இங்கே இடமில்லை.

யாருடைய ரத்தம்

பூர்வகுடி மாணவர்களின் நிலையைத் தனியாகச் சொல்லவேண்டும். அவர்களுடைய மக்கள் ஜீனோமிக்ஸை விட்டு விலகி நிற்பதற்கு அறியாமை காரணமில்லை, அனுபவமே காரணம். அரிசோனாவின் ஹவாசுபாய் மக்கள் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தங்களிடையே பெருகிய நீரிழிவு நோய்க்கு வழி கிடைக்கும் என்ற எண்ணத்தில் ரத்தம் கொடுத்தார்கள். அந்த மாதிரிகள் மனச்சிதைவு நோய், இடப்பெயர்ச்சி வரலாறு ஆகிய ஆய்வுகளுக்கும் அவர்கள் அறியாமலே பயன்பட்டன. வழக்கு 2010-இல் 7 லட்சம் டாலரோடும் மாதிரிகளைத் திருப்பிக் கொடுப்பதோடும் முடிந்தது. நவஹோ தேசம் 2002-இலேயே தன் எல்லைக்குள் மரபணு ஆய்வுக்குத் தடை விதித்திருந்தது.

இப்படிப்பட்ட சமுதாயத்திலிருந்து வரும் மாணவரிடம், ‘துறைக்கு உங்கள் பன்முகத்தன்மை தேவை’ என்று சொன்னால் அவர் காதில் விழுவது ‘உங்கள் ரத்தம் தேவை’ என்பதாகவே இருக்கும். ரிபான் மல்ஹியும் மற்றவர்களும் 2011-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘சிங்’ என்ற ஒரு வாரப் பயிலரங்கு இதை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. காலையில் டிஎன்ஏ பிரித்தெடுத்த கையோடு, மாதிரி யாருக்குச் சொந்தம், தரவை யார் ஆளவேண்டும், ஒரு பழங்குடி அவை எப்போது ‘வேண்டாம்’ என்று சொல்லலாம் என்ற விவாதமும் நடக்கிறது. அந்தப் பயிலரங்கு பின்னர் நியூசிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா நாடுகளுக்கும் பரவியது. ஒரு வாரத்தில் ஆய்வாளர் உருவாகிவிட மாட்டார். ஆனால் தன் மக்களைக் காட்டிக்கொடுக்காமலே இந்தத் துறையில் இருக்கலாம் என்பதை, அப்படி இருந்துகொண்டிருக்கும் மூத்தவர்களைப் பார்த்து அவர் தெரிந்துகொள்கிறார். பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் திறனையே அளக்கின்றன. இந்த மாணவர்களைத் தடுத்து நிறுத்துவது திறனின்மை இல்லை என்பதால், அளக்கவேண்டியதும் வேறாக இருக்கவேண்டும்.

இணைப்பு அறுபடும் இடம்

இப்போது அந்த இரண்டாமாண்டு மாணவியிடம் திரும்பி வருவோம். பருவம் முடிந்துவிட்டது, அவர் தன் மரபணுவை முடித்துக் கொடுத்துவிட்டார், அது அவருக்குப் பிடித்தும் இருக்கிறது. அடுத்து என்ன? மரபணு ஆலோசகராக முதுநிலைப் பட்டம் போதும் என்பதோ, தரவு ஆய்வாளராக இளநிலைப் பட்டத்தோடே வேலை கிடைக்கலாம் என்பதோ, அறிவியலில் முனைவர் பட்டப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வேண்டாம், மாறாக உதவித்தொகை வரும் என்பதோ அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் கடைசிச் செய்தி ஒன்றே, கடனுக்கு அஞ்சி ஒதுங்கும் பல குடும்பங்களின் முடிவை மாற்றக்கூடியது. அமெரிக்காவில் மரபணு ஆலோசகர்களில் மிகப் பெரும்பான்மையினர் வெள்ளையினப் பெண்களாகவே இருந்துவருவதற்கு, அப்படியொரு வேலை இருப்பதே மற்றவர்களுக்குத் தாமதமாகத் தெரியவருவதும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

இந்த இடைவெளியை நிரப்பவே ஊதியத்தோடு கூடிய கோடைக்கால ஆய்வும், பட்டம் முடித்தபின் ஓராண்டு ஆய்வகத்தில் இருக்கும் இணைப்பாண்டும் ஏற்பட்டன. தேசிய மனித மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனம் தன் பெரிய மானியங்களைப் பெற்ற மையங்கள் வழியாக இத்தகைய பயிற்சிக்குப் பல ஆண்டுகள் பணம் கொடுத்தது. 2030-க்குள் நாட்டின் மக்கள்தொகையைப் பிரதிபலிக்கும் பணியாளர்களை உருவாக்குவோம் என்று 2021 ஜனவரியில் ஒரு செயல்திட்டமும் வெளியிட்டது. நான்காண்டுகள் கழித்து, பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு எதிராக 2025 ஜனவரியில் வந்த அதிபர் ஆணைகளைத் தொடர்ந்து, தேசிய சுகாதார நிறுவனங்கள் இவ்வகைப் பயிற்சி மானியங்கள் பலவற்றை நிறுத்தின. 1970-களிலிருந்து நடந்துவந்த, சுருக்கமாக ‘மார்க்’ எனப்படும் இளநிலை ஆய்வுப் பயிற்சித் திட்டமும் அவற்றுள் ஒன்று. கோடைக்கு முன்பு இடம் உறுதியாகி, கோடையில் இடமில்லை என்று ஆனால், ஊதியத்தை நம்பி வேறு வேலையை விட்ட மாணவருக்கு அது வெறும் கொள்கை மாற்றம் இல்லை.

இங்கே மேயர்ஹாஃப் திட்டத்தின் வரலாற்றில் ஒரு பயனுள்ள செய்தி இருக்கிறது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகத்தில் கறுப்பின மாணவர்களுக்கு மட்டுமென இருந்த உதவித்தொகை சட்டப்படி செல்லாது என்று 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 1996-இல் மேயர்ஹாஃப் திட்டம் எல்லா இனத்தவருக்கும் திறந்துவிடப்பட்டது. அது அழியவில்லை, கறுப்பின மாணவர்களை முனைவர் பட்டத்துக்கு அனுப்புவதில் தொடர்ந்து முன்னணியிலேயே இருந்தது. அதன் பலம் தேர்வு விதியில் இல்லாமல் உள்ளமைப்பில் இருந்ததே அதற்குக் காரணம். வகுப்பறை வழிக்கோ இந்தச் சிக்கலே எழாது: அது யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, பதிவுசெய்த எல்லோருக்கும் வேலை கொடுக்கிறது. சரியான கல்லூரிகளில் அந்த வகுப்பை வைத்தாலே போதும். ஆனால் கோடை ஊதியத்துக்கு மாற்று கிடையாது. வகுப்புக்கும் பட்டமேற்படிப்புக்கும் இடையிலான அந்த ஓரிரு கோடைகளைக் கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் மாநிலங்களும் பங்கிட்டு ஏற்காவிட்டால், முதல் கதவைத் திறந்து வைத்திருப்பதன் பயன் பெரும்பாலும் அங்கேயே நின்றுபோகும்.

பணம் அதிகம் தேவைப்படாத ஓர் இணைப்பைக் கூட்டமைப்பு தானாகவே உருவாக்கி வைத்திருக்கிறது. அனொடேஷன் செய்து தேறிய மாணவர்கள் சிலர், மறு ஆண்டு இணையவழி உதவி ஆசிரியர்களாகிறார்கள். குறித்த நேரத்தில் திரையில் இருந்துகொண்டு, எந்தக் கல்லூரியிலிருந்து யார் கேட்டாலும் பதில் சொல்கிறார்கள். போன ஆண்டு இரண்டு ‘ஏஜி’க்களுக்கு முன் திகைத்து உட்கார்ந்திருந்தவர், இந்த ஆண்டு முன்பின் அறியாத ஒருவரிடம், ‘முந்தைய எக்ஸான் எத்தனை எழுத்தை மிச்சம் வைக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்.